அளவுகோலும் அருளுள்ளமும்

1869ஆம் ஆண்டு இந்தியத் தொண்டு வரலாற்றில் நினைக்கத்தக்கதோர் ஆண்டு. செப்டம்பரில் அன்றைய தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் சீனிவாச சாஸ்திரியார் பிறந்தார். அக்டோபரில் போர்பந்தரில் காந்தியடிகள் பிறந்தார். நவம்பர் 29ஆம் நாள் பாவநகரில் அமிர்தலால் விட்டல்தாஸ் தக்கர் பிறந்தார். மூவருமே பின்னாளில் கோபால கிருஷ்ண கோகலேயின் பால் ஈர்க்கப்பட்டவர்கள். முதலாமவர் பள்ளித் தலைமையாசிரியர், அடுத்தவர் பாரிஸ்டர், மூன்றாமவர் பொறியாளர். முன்னவர் இருவரையும் தமிழுலகம் நன்கறியும். மூன்றாமவரோ சென்னைத் தியாகராய நகரில் உள்ள ஒரு வித்யாலயத்தின் பெயராக மட்டுமே நம்மில் பலருக்கு அறிமுகம். தக்கர் பாபா என்று நாடு அழைத்தது அவரைத்தான்.

தொண்டு செய்ய வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை. தாம் செய்துவந்த தொழிலின் பார்வையையும் பழக்கத்தையும் உடன் கொண்டே வருகிறார். கவிஞரும் அப்படியே, ஆசிரியர் எழுதும் கவிதையில் கரும்பலகையின் வாசம் சிறிதேனும் இருக்கும். பாபாவின் வாழ்க்கையில் இவ்வுண்மை மிகத் தெளிவாகத் தெரிவதால், அவர் தொழிலிலிருந்தே தொடங்குதல் தகும்.

லோகாணா எனும் வணிக வகுப்பில் தோன்றிய அவர், புனே நகரில் பொறியியல் பயின்று 1890இல் எல்.சி.ஈ. பட்டயம் பெற்றார். வத்வான், போர்பந்தர் முதலிய சமஸ்தானங்களில் சாலையும் பாலமும் அமைத்தார். 1900ஐ ஒட்டிய சில ஆண்டுகளை உகாண்டா இருப்புப் பாதைப் பணியில் கிழக்காப்பிரிக்காவில் கழித்தார். இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கூலிகள் ஏறத்தாழ 32,000 பேர் உழைத்து உருவாக்கிய பாதை அது. அவர்களுள் 2,000த்திற்கு மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. பின்னர் சாங்கிலி சமஸ்தானம். அதன்பின் பம்பாய் நகராட்சி.

பம்பாயில்தான் வாழ்க்கை திசை திரும்பியது. நகரின் குப்பை குர்லாவுக்குக் கொண்டுபோய்க் கொட்டப்பட்டது. அவ்வேலையைச் செய்த துப்புரவுத் தொழிலாளர் குப்பைமேட்டின் அருகிலேயே குடிசைகளில் வாழ்ந்தனர். அலுவல் நிமித்தம் அங்குச் சென்ற பொறியாளர் அவர்களுடைய கடனைப் பார்த்தார். பள்ளியில்லாப் பிள்ளைகளைப் பார்த்தார். நகரத்துக்குத் தூய்மை தரும் கைகளுக்குக் குடிநீர்க் குழாய் இல்லாதிருந்ததைப் பார்த்தார். ஒடுக்கப்பட்டோர் கல்விக்காக அந்நாளில் உழைத்துவந்த விட்டல் ராம்ஜி ஷிண்டேயின் துணையோடு, அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கு வழிதேடினார். மாலை நேரத் தொண்டாக இருந்தது வெகு விரைவில் முழுநேரத் தாகமாயிற்று.

1914 பிப்ரவரியில் நகராட்சிப் பதவியைத் துறந்து இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அப்போது வயது 44. ஓய்வூதியக் கணக்குப் போடும் வயது. 1905இல் கோகலே நிறுவிய அச்சங்கத்தில் சேர்பவர் தமக்கென்று பொருள் ஈட்டேன் என உறுதி ஏற்க வேண்டும். சங்கத்தின் தலைவர்கள் எத்தொழிலிலிருந்து வந்தனர் என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். கோகலே புனே பெர்குசன் கல்லூரிப் பேராசிரியர், எண்கணிதப் பாடநூல் எழுதியவர். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுத் திட்டத்தைப் புள்ளிவிவரத்தாலேயே உலுக்கியவர். அவருக்குப்பின் தலைமை ஏற்ற சாஸ்திரியார் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராயிருந்தவர். தேவ்தரும் ஜோஷியும் ஆசிரியப் பணியிலிருந்து வந்தவர்களே. பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் நிறைந்த அக்கூட்டத்தில், சங்கிலி பிடித்து நிலம் அளந்த கை ஒன்று புதிதாய் நுழைந்தது.

அக்கையின் பயன் 1918இல் கேடா மாவட்டத்தில் தெரிந்தது. விளைச்சல் நாலணா அளவுக்கு, அதாவது வழக்கமான விளைச்சலில் கால்பங்குக்குக் குறைந்தால் அவ்வாண்டு நிலவரி வசூலை நிறுத்திவைக்க விதி இருந்தது. குறைந்தது என்றனர் குடியானவர். குறையவில்லை என்றனர் அதிகாரிகள். காந்தியடிகள் உழவர்க்கு முடிவான ஆலோசனை கூறுமுன்பே, தக்கர் அங்குச் சென்று நிலைமையை விசாரித்து அறிக்கை தந்து, கமிஷனரிடமும் நேரில் வாதிட்டிருந்தார். சத்தியாக்கிரகத்தின் வீரத்தைப் பாடுகிறோம். அதற்கு முன் வயல் வயலாக நடந்து விளைச்சலை மதிப்பிட்டவர்களைப் பாட நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

இதற்கு மூன்றாண்டு முன்னர் அவர் எழுதிய ஒரு கடிதமும் வரலாறு படைத்தது. அகமதாபாத்தில் காந்தியடிகள் ஆசிரமம் தொடங்கிய சில மாதங்களிலேயே, தீண்டாதார் எனப்பட்ட ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள இயலுமா என்று கேட்டது அக்கடிதம். பம்பாயில் ஆசிரியராயிருந்த தூதாபாயின் குடும்பம் அது. அக்குடும்பம் சேர்ந்ததும் ஆசிரமத்துக்கு வந்த பொருளுதவி நின்றது. பெயர் வெளியிட விரும்பாத ஒரு வணிகர் 13,000 ரூபாய் தந்து காத்தார். ஆசிரமத்தின் கொள்கை முதன்முதலில் சோதிக்கப்பட்டது அந்தப் பொறியாளரின் அஞ்சலால்தான்.

1922இல் பஞ்சமஹால் பகுதியின் பஞ்சம் அவரைப் பில் பழங்குடியினரிடம் அழைத்துச் சென்றது. தாஹோதை இருப்பிடமாக்கிப் பில் சேவா மண்டலத்தை வளர்த்தார். குஜராத்தியில் பாபா என்றால் தந்தை. அப்பெயர் அவருக்குக் குடிசைகளிலிருந்து வந்தது.

1932 செப்டம்பரில் புனே ஒப்பந்தம் முடிந்தது. அதன் விளைவாய்த் தோன்றி, பின்னர் ஹரிஜன சேவா சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்பின் தலைவரானார் ஆலை அதிபர் கன்சியாம் தாஸ் பிர்லா, செயலாளர் பாபா. வணிகர் நிதி திரட்ட, பொறியாளர் திட்டம் வகுக்க, சங்கத்தின் பணி பள்ளி, விடுதி, கிணறு, உதவித்தொகை என விரிந்தது. தியாகராய நகர் வித்யாலயம் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்க எழுந்ததும் இவ்வழியில்தான்.

அச்சங்கத்தின் மைய வாரியத்தில் தொடக்கத்தில் டாக்டர் அம்பேத்கரும் இருந்தார். அவர் பொருளியல் அறிஞர்; பாரிஸ்டர். அவ்வாண்டு நவம்பரில் இலண்டனுக்குக் கப்பலில் செல்கையில் பாபாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனி மனிதரைத் திருத்தும் பள்ளியும் நூலகமும் போதா, அவர்களைச் சூழ்ந்துள்ள சமூகத்தையே மாற்ற வேண்டும் என்பது அதன் கருத்து. பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமைக்காக ஊர்தோறும் போராட வேண்டும் என்றும், ஊழியர்களை ஒடுக்கப்பட்டோரிலிருந்தே அமர்த்த வேண்டும் என்றும் வலியுறுத்தினார். மறுமொழி வரவில்லை என்று அம்பேத்கர் பின்னர் குறைகூறினார், வாரியத்தினின்றும் விலகினார். சாதி இந்துக்கள் தம் பாவத்துக்குத் தாமே கழுவாய் தேடும் அமைப்பு இது என்பது சங்கத்தின் நிலை.

எண்ணிப் பார்த்தால், இது இரு மனிதரின் பூசல் மட்டுமன்று, இரு தொழில்களின் பார்வைகளும் மோதிய இடம். தண்ணீர் இல்லாத சேரியைக் கண்டால் பொறியாளர் உள்ளம் கிணறு வெட்டும் செலவைக் கணக்கிடும்; வழக்கறிஞர் உள்ளம் ஊர்க்கிணற்றின் உரிமையை வினவும். தனிக்கிணறு வெட்டினால் அன்றே தாகம் தீரும். ஊர்க்கிணறு ஊராரிடமே இருந்துவிடும். பாபாவின் தூய்மையில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆயினும் அக்கடிதத்திற்குச் சங்கம் செவிசாய்த்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். ஹரிஜன் என்ற பெயரையே அம்மக்கள் பின்னாளில் மறுத்ததையும் மறக்கலாகாது.

1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கி 9 மாதங்கள், 12,500 மைல் நீண்ட காந்தியடிகளின் சுற்றுப்பயணத்தில் நாள், நேரம், வசூல் அனைத்தையும் கவனித்து உடன் சென்றவர் பாபா. 60 வயதைக் கடந்த செயலாளர், தலைவரின் அன்பர்கள் கூட்டம் நீட்டிய பொழுதெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பவராகவே இருந்திருக்க வேண்டும்!

பிற்காலத்தில் பழங்குடியினரே அவர் கவலையாயினர். அவர்களை ஒதுக்கிக் காக்க வேண்டும் என்ற வெரியர் எல்வினோடு அவர் மாறுபட்டார். கல்வியும் சாலையும் அவர்களையும் அடைய வேண்டும் என்றார். அரசியல் நிர்ணய சபையில், அசாம் நீங்கலான பழங்குடிப் பகுதிகளுக்கான துணைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். வங்கப் பஞ்சம், நவகாளிக் கலவரம் என்று எங்கே துயரோ அங்கே, 77 வயதிலும், அவர் இருந்தார்.

1949 நவம்பரில் அவர்தம் 80ஆம் பிறந்தநாளுக்கு ஒரு நினைவு மலர் வெளிவந்தது. மலர் வெளியிடும் நாம் அறிய வேண்டிய செய்தி: அது வெளியானது சென்னையில், தொகுத்த இருவருள் ஒருவர் தொழுநோயாளர் தொண்டில் தம்மை ஈடுபடுத்திய தமிழர் டி. என். ஜகதீசன். அடுத்த 14 மாதங்களில், 1951 ஜனவரியில், பிறந்த ஊராகிய பாவநகரிலேயே பாபா மறைந்தார்.