24, 60, 360-ல் என்ன ஸ்பெஷல்? பகு எண்களைத் துரத்திய ராமானுஜனின் கதை

ஸ்ரீரங்கத்தைச் சுற்றிப் பாயும் காவிரியை ஒட்டியே திருச்சியிலிருந்து மேற்கே போனால், குளித்தலை பக்கம் ராஜேந்திரம் என்ற ஊர் வரும். இன்று கரூர் மாவட்டம், அன்று திருச்சி மாவட்டம். 1909 ஜூலை 14-ல் கணிதமேதை ராமானுஜனுக்கும் ஜானகிக்கும் இங்கேதான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த ரயிலே லேட்!

வேலையில்லாத மாப்பிள்ளை

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். கணக்கில் புலி, மற்ற பாடங்களில் ஃபெயில். அதனால் ஸ்காலர்ஷிப் போச்சு, கல்லூரிப் பட்டமும் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலை தேடி அலைந்தவருக்கு, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை கிடைத்தது.

பகா எண்ணில் ஒரு சறுக்கல்

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்பதைக் கிட்டத்தட்ட துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாக அதில் சொல்லியிருந்தார். ஆனால் அவர் நம்பிய அளவுக்கு அது துல்லியம் இல்லை. எண்கள் பெரிதாகும்போது பிழையும் பெரிதாகும். அதற்காக ஹார்டி அவரை ஒதுக்கவில்லை. கடிதத்தில் இருந்த மற்ற கணக்குகளைப் பார்த்து அசந்துபோய் இங்கிலாந்துக்கு அழைத்தார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார்.

பகா எண், பகு எண்: என்ன வித்தியாசம்?

சிம்பிளா சொல்லணும்னா, 7 புளியங்கொட்டையை ஒரே நீள வரிசையாகத்தான் அடுக்க முடியும். எப்படி மாற்றினாலும் சரியான செவ்வகம் வராது. 7 பகா எண். 12 கொட்டையை 2 வரிசையாக ஆறாறு, 3 வரிசையாக நாலுநாலு என அடுக்கலாம். 12 பகு எண். 1-க்கு ஒரே ஒரு வகுத்திதான் என்பதால் அது இரண்டிலும் சேராது.

ராமானுஜன் கண்டது என்ன?

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என 6 வகுத்திகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் வகுத்தி எண்ணிக்கையில் ஜெயிக்கும் எண்களை அவர் தேடினார். 24, 60, 360 மூன்றும் அந்த வகைதான். அதனாலதான் மணி, நிமிடம், டிகிரி எல்லாவற்றையும் பல விதமாகச் சமமாகப் பிரிக்க முடிகிறது.

இந்த எண்களெல்லாம் சின்ன பகா எண்களில் தொடங்கி, இடையில் ஒன்றையும் விடாமல் பெருக்கி வருபவை. 60 என்பது 2×2×3×5. இதில் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். 4, 36 மட்டும் விதிவிலக்கு.

1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் இந்த ஆய்வு வெளியானது. முதல் உலகப்போர் கால நிதி நெருக்கடியால் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது 1997-ல்தான் வெளிவந்தது. கையாலேயே கணக்குப் போட்டு, 6,74,632 கோடியைத் தாண்டிய எண் வரை பட்டியல் போட்டிருந்தார். நடுவில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று: 29,331 கோடியே 86,25,600.

பட்டமும் கடைசி நாட்களும்

இந்த ஆய்வுக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1919-ல் ஊர் திரும்பி, காவிரிக்கரை கொடுமுடியில் சில காலம் ஓய்வெடுத்தார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானபோது வயது 32தான். ஜானகி 1994 வரை வாழ்ந்தார்.

வீட்டில் செய்து பாருங்க

குழந்தைகளிடம் 36 புளியங்கொட்டை கொடுங்க. ஒரே வரிசையையும் சேர்த்து 5 விதமாக அடுக்கலாம். இன்னொரு கொட்டையைச் சேர்த்து 37 ஆக்கினால், ஒரே வரிசைதான்!