கிணற்றடிப் பெண்ணும் பண்டித இரமாபாய் அம்மையாரும்

சமாரியப் பெண்ணின் கதையை நம் சமுதாயத்தார்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. யூதர்கள் சமாரியரோடு பாத்திரம் புழங்குவதில்லை. அவ்வாறு ஒதுக்கப்பட்ட இனத்தில் பிறந்து, ஐந்து கணவரைக் கண்டு, ஆறாவதாக ஒருவனோடு வாழ்ந்த பெண்ணிடம் இயேசு பெருமான் கிணற்றடியில் தண்ணீர் கேட்டார் என்கிறது யோவான் நற்செய்தி. பிறர் ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்ற நம் பாட்டிமார்க்கு அதன் பொருள் உடனே விளங்கியிருக்கும். மராட்டிய பிராமணப் பெண்மணி ஒருவரின் வாழ்வையும் அக்கதையே திருப்பியது.

இரமாபாய் 1858இல் கருநாடகத்துக் கங்காமூலக் காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, மனைவிக்கு வடமொழி கற்பித்ததால் தம் சாதியாரின் பகைக்கு ஆளானவர். ஊர் ஊராய்ப் புராணம் சொல்லித் திரிந்த அக்குடும்பத்தைப் பஞ்சம் தின்றது. பெற்றோர் இருவரும் மாண்டனர். தாயின் பாடையைத் தூக்க ஆள் போதாமல், மகளே ஒரு பக்கம் சுமந்தார். உயரம் குறைந்தவராதலின் தலைமேல் சுமந்தார்.

1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை, சரசுவதி என்னும் பட்டங்களை அளித்தனர். ஆனால் சாத்திரங்களை ஆழ்ந்து கற்கக் கற்க ஒன்று அவரை உறுத்தியது. மற்றவற்றில் முரண்படும் அந்நூல்கள், பெண்களையும் சூத்திரரையும் இழித்துரைப்பதில் மட்டும் ஒன்றுபட்டிருந்தன! 1880இல் பிராமணரல்லாத வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். இரண்டே ஆண்டில் கைக்குழந்தையோடு விதவையானார்.

1883இல் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் புலம் என்னுமிடத்தில், வழிதவறியவர் என உலகம் தள்ளிய பெண்களைக் கன்னியர் பேணிவந்த இல்லத்தைக் கண்டு திகைத்தார். நம் நாட்டில் அத்தகையோர்க்குத் தண்டனையையன்றிப் பரிவை அவர் கண்டதில்லை. காரணம் வினவியபோது, அங்கிருந்த சகோதரி சமாரியப் பெண்ணின் கதையை எடுத்துரைத்தார். மெய்யான வழிபாட்டிற்கு ஆண், பெண் என்ற விலக்கில்லை என்று இரமாபாய் அதிலிருந்து உணர்ந்தார். அவ்வாண்டிலேயே திருமுழுக்குப் பெற்றார்.

ஆயினும் திருச்சபை வேறு, திருமறை வேறு என்பதை விரைவில் கண்டார். செல்டன்காமில் அவர் ஆண்களுக்குப் பாடம் நடத்தலாம் என்ற பேச்சு எழுந்தபோது, இந்தியாவிலிருந்த பேராயர்கள் மறுத்தனர். தந்தையும் கணவரும் தடுக்காததைப் பிறர் தடுப்பது வியப்பே என்று அம்மையார் எழுதினார். தம் மனச்சான்றை எவருக்கும் அடகு வைக்கவில்லை. மதம் மாறினார் என்று உயர்சாதியார் தூற்றியபோது அவர் பக்கம் நின்று எழுதியவர் மகாத்மா ஜோதிராவ் புலே என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்வேன். 1889இல் பம்பாயில் அவர் தொடங்கிய சாரதா சதனம் உயர்சாதி விதவைகளுக்காகவே எழுந்தது. கிணறு அப்போது எல்லார்க்கும் திறக்கவில்லை. 1896–97 பஞ்சமே அதைத் திறந்தது. நடு மாகாணங்களில் பட்டினியால் வாடிய ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமியரையும் சாதி பாராது அழைத்துவந்தார். பூனாவுக்கருகே கேட்காவில் முக்தி இல்லம் வளர்ந்தது. பரத்தையர் என்று இகழப்பட்டோர்க்கென அதனுள் கிருபா சதனம் அமைந்தது. புலத்தில் கண்டதை அம்மையார் மறக்கவில்லை.

எபிரேயமும் கிரேக்கமும் முயன்று கற்று, விவிலியம் முழுவதையும் மராட்டியில் பெயர்த்தார். 1921இல் ஒரே மகள் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5இல் அம்மையாரும் மறைந்தார். நூல் 1924இல் வெளிவந்தது. படித்தோரின் வடமொழி நடையை விலக்கி, நாட்டுப்புறப் பெண்ணுக்கும் விளங்கும் எளிய மராட்டியில் அது அமைந்திருந்தது. அச்சுக்கூடத்தில் உழைத்தவர்களும் முக்தி இல்லத்துப் பெண்களே.