ராய்சினாக் குன்றில் மாளிகை சமைத்தவர்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் எவர்க்கும் ராஷ்டிரபதி பவனம் புதியதன்று. ஆயினும், அதனை வகுத்தமைத்த எட்வின் லுட்யன்ஸ் என்பாரின் வாழ்க்கையை நம்மில் அறிந்தோர் சிலரே. அம்மாளிகையைப் போலவே அவ்வாழ்க்கையும் சிந்தனைக்கு உரியதாகும்.

லுட்யன்ஸ் 1869-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையார் படைவீரராக இருந்து பின்னர் ஓவியரானவர். இளமையில் கண்ட வாதக் காய்ச்சலால் உடல் நலிந்த சிறுவன், தமையன்மாரைப் போலப் பெரிய பள்ளிகளிற் பயிலும் வாய்ப்பை இழந்தான். ஆனால் அந்நலிவே அவனுக்கு ஆசானாயிற்று. சர்ரே நாட்டுப்புறத்தில் உலாவி, கண்ணாடித் தகடொன்றைக் கண்ணெதிரே பிடித்து, அதனூடே தோன்றும் வீடுகளின் உருவத்தைக் கூராகச் சீவிய சவர்க்காரத் துண்டால் அதன்மேல் வரைந்து பழகினான். கட்டடத்தின் அளவும் அமைதியும் அவ்வாறே அவன் கண்ணிற் படிந்தன.

இருபது வயதளவில் லுட்யன்ஸ் தனித்துத் தொழில் தொடங்கினார். ஆங்கிலச் செல்வர்களின் நாட்டுப்புற இல்லங்களைக் கட்டிப் புகழ் பெற்றார். 1897-இல், முன்னாள் வைசிராய் லிட்டன் பிரபுவின் மகளான எமிலியை மணந்தார். அவ்வம்மையார் பின்னாளில் அன்னி பெசன்ட் அம்மையாரின் பிரம்மஞான இயக்கத்தில் ஆழ்ந்து ஈடுபட்டவர்.

1911 டிசம்பர் 12-ஆம் நாள் டில்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். மறு ஆண்டே நகரமைப்புக் குழுவினருள் ஒருவராக லுட்யன்ஸ் இங்கு வந்தார். இந்நாட்டுக் கட்டடக் கலையை அவர் உயர்வாக மதித்தாரல்லர். ஆனால் புதிய நகரில் இந்திய அமைதி விளங்க வேண்டுமென வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபு வற்புறுத்தினார். வடநாட்டு வெயிலும் மழையும் அதனையே வற்புறுத்தின. வெயில் தடுக்க நீண்ட கல் கொடுங்கைகள், காற்று நுழையக் கற்சல்லடைச் சாளரங்கள், மாடத்தின் மேல் சிறு மண்டபங்கள், போதிகைகளில் கல்மணிகள், சாஞ்சித் தூபியை நினைவூட்டும் குவிமாடம் என இந்நாட்டு உறுப்புக்கள் ஒவ்வொன்றாக அவரது வரைபடத்திற் புகுந்தன. ஒட்டவைத்த அணிகளாக நில்லாமல், ஐரோப்பிய முறையில் எழுந்த மாளிகையோடு அவை ஓருடலாயின. மதியாத கலையிடமே கற்றுக்கொண்டு தம் தலைசிறந்த படைப்பை அவர் ஆக்கினார்.

தலைமைச் செயலகக் கட்டடங்களை வகுத்தவர் அவருடைய நண்பர் ஹெர்பர்ட் பேக்கர். குன்றின் உச்சியில் செயலகத்துக்கும் இடம் வேண்டுமென அவர் கோரவே, மாளிகை மேற்கே பின்தள்ளப்பட்டது. 1913-இல் இதற்கு இசைந்த லுட்யன்ஸ், சாலையின் ஏற்றம் மாளிகையை மறைத்துவிடும் என்பதைப் பின்னரே உணர்ந்தார். ஏற்றத்தைக் குறைக்க அவர் செய்த முறையீடு, செலவைக் காரணங்காட்டி 1916-இல் மறுக்கப்பட்டது. நெடுநாளைய நட்பு முறிந்தது. இன்றும் விஜய் சௌக்கில் நின்று நோக்குவோர்க்குக் குவிமாடம் மட்டுமே தென்படும். முகப்பு மேட்டின் பின் மறைந்துவிடும்.

70 கோடிச் செங்கற்களும் 30 லட்சம் கன அடிக் கல்லும் கொண்டு, 340 அறைகளோடு எழுந்த மாளிகை 1929-இல் முற்றுப்பெற்றது. 1931 பிப்ரவரியில் புதுடில்லி முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. என்றும் நிலைக்கும் ஆட்சிக்கென எழுப்பிய மாளிகையில் வைசிராய்கள் வாழ்ந்தது 18 ஆண்டுகளே! 1944 ஜனவரி முதல் நாள் மறைந்த லுட்யன்ஸ், ஆட்சி மாறியதைக் காணவில்லை.

1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்று அம்மாளிகைக்கு வந்தவர், அந்நாளைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியிற் பிறந்த நம் ராஜாஜி. வைசிராய்களின் படாடோபமான பகுதி தம் எளிமைக்கு ஒவ்வாதெனக் கருதி, விருந்தினர் பகுதியில் சில அறைகளையே தம் வாழ்க்கைக்குத் தேர்ந்துகொண்டார். பின்வந்த குடியரசுத் தலைவர்களும் அவ்வழக்கத்தையே மேற்கொண்டனர். கல்லில் மாளிகை சமைத்தவர் லுட்யன்ஸ். அதில் மக்களாட்சிக்கு ஏற்ப வாழும் முறையை வகுத்தவர் ராஜாஜி. இவ்விருவரையும் நம் இளஞ்சிறார் அறிந்திருத்தல் நன்று.