நூறு மணி மாலை

ஆதிபகவன் வீடுபேறு எய்திய திருமலையாக நம் முன்னோர் போற்றிவந்த கயிலையை நாம் நாள்தோறும் நினைந்து வணங்குகிறோம். நேரிற் கண்டவரோ நம்முள் மிகச் சிலர். அம்மலை நாட்டைத் தம் காலடிகளாலேயே அளந்தறிந்த ஒருவரின் வாழ்வை இங்கு எழுத விழைகிறோம். பண்டிதர் நைன் சிங் ராவத் என்பது அவர் பெயர்.

1830-ல் குமாவோன் இமயத்தின் ஜோகார் பள்ளத்தாக்கில், மிலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரார் கணவாய்களைக் கடந்து திபெத்துடன் வணிகம் செய்து வாழ்ந்தவர்கள். ஆதலின் திபெத்திய மொழி அவருக்கு இளமையிலேயே கைவந்தது. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியமையால் பண்டிதர் எனப்பட்டார். 1863-ல் நில அளவைத் துறை அவரையும் உறவினர் மணி சிங்கையும் டேராடூனில் பயிற்றுவித்தது. 1802-ல் நம் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு இட்டுத் தொடங்கிய பேரளவைப் பணிதான் வளர்ந்து இமயத்தை எட்டியிருந்தது. அதற்கு அப்பால் அயலார் புகத் தடை இருந்தது.

ஆகவே மாறுவேடம் வேண்டியதாயிற்று. நம் ஜபமாலையில் 108 மணிகள். பஞ்சபரமேட்டிகளின் குணங்களும் 108. திபெத்தியர் மாலையிலும் அதே எண்ணிக்கைதான். நைன் சிங்கின் மாலையிலோ 100 மணிகளே இருந்தன! நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒருமுறை சுற்றிவரப் பதினாயிரம் அடி, அதாவது ஐந்து மைல். மேடாயினும் பள்ளமாயினும் அடியின் நீளம் மாறாதிருக்கப் பழகியிருந்தார். கையிலிருந்த வழிபாட்டு உருளையினுள் மந்திரச் சுருளுக்கு மாறாகக் குறிப்புத் தாள்கள் இருந்தன. சோழிகளில் பாதரசத்தை அடைத்து மறைத்திருந்தார். இரவில் அதனைக் கிண்ணத்தில் ஊற்றி விண்மீனின் உயரத்தைக் கணித்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு மலையின் உயரத்தை அறிந்தார்.

இவ்விடத்தில் நம் மனம் சற்றே தயங்குகிறது. உருளை சுழற்றுபவரை இடையில் நிறுத்திப் பேசுவது அந்நாட்டார்க்கு வழக்கமன்று; அவர்தம் பக்தியே அவருக்கு மறைவிடமாயிற்று. வாய்மையை நோன்பாகக் கொண்ட நாம் இதனைப் புகழ இயலாது. அவர் அளந்து நிலை குறித்த அதே லாசாவினுள் 1904-ல் ஆங்கிலப் படை நுழைந்தது என்பதையும் மறக்க இயலாது. எனினும் அந்த உழைப்பின் முன் தலை தாழத்தான் செய்கிறது.

1865-ல் காட்மண்டுவிலிருந்து புறப்பட்டார். லடாக் வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து, சாங்போ ஆற்றின் போக்கைப் பற்றிக்கொண்டு, 1866 சனவரியில் லாசாவை அடைந்தார். கையிருப்புக் கரைந்தபோது வணிகர்களுக்குக் கணக்குக் கற்பித்து வயிறு வளர்த்தார். அனுமதியின்றி நகருட் புகுந்த ஒருவரின் தலை பொதுவிடத்தில் வெட்டப்பட்டதைக் கண்டபின் வெளியே நடமாடுவதைக் குறைத்துக்கொண்டார். ஏப்ரலில் திரும்பும் பயணம், கோடையில் மானசரோவரம், பின்னர்த் தாயகம். ஏறக்குறைய 1,200 மைல்! மணி தள்ளி எண்ணிய அடிகள் இருபத்தைந்து இலட்சத்தை ஒட்டியவை.

1867-ல் தோக்ஜாலுங் பொற்சுரங்கங்களைக் கண்டுவந்தார். 1874-ல் லேயிலிருந்து மீண்டும் லாசா சென்று, தவாங் வழியாக 1875-ல் அசாமில் இறங்கினார். அதன்பின் நெடும்பயணம் மேற்கொள்ளவில்லை. கிஷன் சிங் முதலிய இளையோரைப் பயிற்றுவித்தார். 1877-ல் இலண்டன் அரச புவியியற் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. நம் நாட்டு அஞ்சல் தலையில் அவர் உருவம் இடம்பெற 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.