வியாபாரத்துக்கு லாயக்கில்லாத பையன்



காலை வாக்கிங்கில் இப்போதெல்லாம் புரதம் பற்றித்தான் பேச்சு. முட்டையில் எவ்வளவு, பருப்பில் எவ்வளவு, பவுடர் வாங்கலாமா என்று. நான் பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வேதியியல் எனக்குத் தூரம். ஆனாலும் புரதத்தின் கட்டுமானத்தை உலகுக்குக் காட்டிய எமில் ஃபிஷரின் கதையைப் படித்ததும் உங்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

ஃபிஷர் 1852 அக்டோபர் 9 அன்று ஜெர்மனியில் பிறந்தார். அப்பா வியாபாரி. மகனை உறவினரின் மரக்கடையில் தொழில் பழக விட்டார். பையனுக்கு மனம் ஒட்டவில்லை. இவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை, படிக்கவாவது செய்யட்டும் என்று கல்லூரிக்கு அனுப்பிவிட்டார். நம் வீடுகளில் நடப்பதற்கு நேர் எதிர், இல்லையா?

1874-ல் முனைவர் பட்டம். மறு வருடமே ஃபினைல்ஹைட்ரசீன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் பிறகு சர்க்கரை வகைகளைப் பிரித்தறிந்தார். உங்கள் ஃபில்டர் காபியில் இருக்கும் காஃபீனையும் ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டினார். சர்க்கரை, பியூரின் ஆராய்ச்சிகளுக்காக 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குச் சில வருடங்கள் முன்பே, 1899 வாக்கில், புரதத்தில் இறங்கிவிட்டார். புரதத்தை உடைத்தால் அமினோ அமிலங்கள் வரும் என்பது அன்று தெரிந்ததுதான். ஆனால் அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன? ஒரு அமினோ அமிலமும் இன்னொன்றும் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, நடுவில் ஒரு பிணைப்பு உண்டாகிறது என்று விளக்கினார். அதுதான் பெப்டைடு பிணைப்பு. சொன்னதோடு நிற்கவில்லை. மணி கோப்பதுபோல ஒவ்வொன்றாகச் சேர்த்து, 1907-ல் 18 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியைச் செய்தே காட்டினார். அதில் 15 கிளைசின், 3 லூசின்.

எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். நீங்கள் சாப்பிடும் பருப்பின் புரதம் 500 ரூபாய் நோட்டு மாதிரி. உடல் அதை அப்படியே வைத்துக்கொள்ளாது. வயிறும் குடலும் அதைச் சில்லறையாக மாற்றும். அந்தச் சில்லறைதான் அமினோ அமிலங்கள். பிறகு தசைக்கு, தோலுக்கு, முடிக்கு என்று உடல் தனக்கு வேண்டிய புரதத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். இருபதே வகைச் சில்லறை. கோக்கும் வரிசை மாறினால் புரதமும் மாறும்.

இவ்வளவு சாதித்தவரின் சொந்த வாழ்க்கை சுகமானதல்ல. மனைவி 1895-ல் இறந்தார். பேர் வாங்கித் தந்த அதே ஃபினைல்ஹைட்ரசீன் அவர் உடம்பையும் கெடுத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் மூன்று மகன்களில் இருவரை இழந்தார். 1919 ஜூலை 15 அன்று பெர்லினில் காலமானார். எஞ்சிய மகன் ஹெர்மன், அப்பா வழியிலேயே வேதியியல் அறிஞரானார்.

இயற்கையான ஒரு புரதத்தின் முழு வரிசையையும் ஃபிஷர் பார்க்கவில்லை. இன்சுலினின் 51 அமினோ அமிலங்களை வரிசைப்படுத்தி ஃப்ரெடெரிக் சாங்கர் நோபல் பரிசு பெற்றது 1958-ல்தான்.

ஆகவே நண்பர்களே, உங்கள் பேரனோ பேத்தியோ நீங்கள் சொன்ன படிப்பில் ஒட்டாமல் நின்றால், கோபப்படும் முன் அந்த மரக்கடையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். மற்றதை வாக்கிங்கில் பேசுவோம்.