ஒக்கோயோங் காட்டில் ஒரு தாய்

மிஷனெரி மேரி ஸ்லெசர் அம்மையார் (1848–1915)



நம் வாலிபர்கள் சிலர் அடிக்கடி என்னிடம் ஒரு காரியம் கேட்கிறார்கள். லீவு கிடைக்கும்போது பதினைந்து நாள் ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்கு ஊழியப் பயணம் போய் வரலாமா பாஸ்டர் என்று. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. தாராளமாகப் போகலாம். ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு அம்மையாரைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள் என்று சொன்னேன். அதைத்தான் இப்போது உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

குடிகாரன் வீட்டுப் பிள்ளை

ஸ்காட்லாந்து தேசத்தில் அபர்தீன் நகரத்தில் 1848 டிசம்பர் 2-ம் தேதி மேரி ஸ்லெசர் பிறந்தார். தகப்பன் செருப்புத் தைக்கிறவர். கையில் தொழில் இருந்தது, ஆனால் குடி அதைத் தின்றுவிட்டது. தாய் ஜெபிக்கிற பெண்மணி, நெசவு வேலை செய்து ஏழு பிள்ளைகளை வளர்த்தார். பிழைப்புக்காகக் குடும்பம் டண்டி நகரத்துக்கு வந்தபோது, பதினோரு வயது மேரி ஆலை வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளிக்கூடம். பதினான்கு வயதில் முழுநேரத் தொழிலாளி. காலை ஆறு மணிக்குத் தறிக்கு முன்னால் நின்றால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு. தறியின் மேல் புத்தகத்தை விரித்து வைத்து, இழை ஓடுகிற நேரத்தில் ஒரு வரி, இரண்டு வரி என்று படித்தார். பைபிள் காலேஜ் போக வசதி இல்லையே என்று வருத்தப்படுகிற தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

டண்டியின் சேரிப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூட்டம் நடத்தினார். அங்கே சில முரட்டுப் பையன்கள் வழிமறித்தார்கள். ஒருவன் கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி அவர் தலையைச் சுற்றிச் சுழற்றினான். குண்டு நெருங்கி நெருங்கி நெற்றியை உரசியது. மேரி அசையவில்லை. கடைசியில் அவனே குண்டைக் கீழே போட்டுவிட்டு, தன் கூட்டாளிகளோடு கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தான். ஆப்பிரிக்காவுக்குப் போன பிறகு மிஷனெரி ஆனவர் இல்லை அவர். சொந்தத் தெருவிலேயே மிஷனெரியாக இருந்தவர்தான் ஆப்பிரிக்காவுக்குப் போனார்.

கப்பல் ஏறினார்

டேவிட் லிவிங்ஸ்டன் 1873-ல் ஆப்பிரிக்காவில் மரித்தார் என்ற செய்தி ஸ்காட்லாந்தையே உலுக்கியது. மேரியின் உள்ளத்திலும் அக்கினி விழுந்தது. தன் சபையின் மிஷன் போர்டுக்கு விண்ணப்பம் கொடுத்தார். 1876 ஆகஸ்டு 5-ம் தேதி எத்தியோப்பியா என்ற கப்பலில் புறப்பட்டபோது அவருக்கு வயது 27. அந்தக் கப்பலில் ஏற்றியிருந்த சரக்கைப் பார்த்து அவர் மனம் கலங்கிற்று. எல்லாம் சாராயப் பீப்பாய்கள்! பீப்பாய்களுக்குக் கணக்கில்லை, மிஷனெரியோ ஒருத்தி. தன் வீட்டைப் பாழாக்கின அதே பிசாசு தனக்கு முன்னாலேயே ஆப்பிரிக்காவுக்குப் போகிறதே என்று உணர்ந்தார்.

இறங்கின இடம் கலபார். இன்றைக்கு நைஜீரியா நாட்டில் இருக்கிறது. அங்கே எஃபிக் மொழியை ஊர்க்காரர்களைப்போலவே பேசக் கற்றுக்கொண்டார். சில வருஷங்களில் வெள்ளைக்காரர் சாப்பாட்டை விட்டு ஊர்க்காரர் சாப்பாட்டுக்கு மாறினார். இது ஆவிக்குரிய பெருமைக்காக இல்லீங்க. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வயதான தாய்க்கு அனுப்புவதற்காக. தொப்பி போய், செருப்பு போய், நீண்ட கூந்தலும் கத்தரிக்கப்பட்டது. மலேரியா மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மூன்று வருஷத்திலேயே காய்ச்சலால் ஊர் திரும்பி, சுகம் பெற்று மறுபடி வந்தார்.

அந்தப் பகுதியில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் சாபம் என்று ஜனங்கள் பயந்தார்கள். இரண்டில் ஒன்று பேயின் பிள்ளை, அது எதுவென்று தெரியாததால் இரண்டையும் பானையில் போட்டுக் காட்டில் எறிந்துவிடுவார்கள். தாயையும் துரத்திவிடுவார்கள். அப்படிக் காப்பாற்றின ஒரு பெண் குழந்தைக்கு ஜேனி என்று பேர் வைத்துத் தன் மகளாகவே வளர்த்தார். பிறகு பல பிள்ளைகள் அவர் வீட்டில் வளர்ந்தார்கள்.

தாயும் தங்கையும் அடுத்தடுத்து மரித்த செய்தி கலபாருக்கு வந்தது. யாருக்குக் கடிதம் எழுதுவது என்று அழுதார். ஆனால் அந்தக் கண்ணீருக்குள்ளே ஒரு விடுதலை இருந்தது. இனித் தனக்காகக் கவலைப்பட்டுக் காத்திருக்க ஊரில் யாரும் இல்லை. ஆகவே யாரும் போகத் துணியாத இடத்துக்குப் போகலாம்.

அந்த மழை இரவு

அந்த இடம்தான் ஒக்கோயோங். ஆயுதம் இல்லாமல் யாரும் நடமாடாத காட்டுப் பகுதி. 1888 ஆகஸ்டு மாதம், ஒரு சனிக்கிழமை. கிரீக் டவுன் ராஜா ஏயோ கொடுத்த படகில், ஐந்து பிள்ளைகளோடு புறப்பட்டார். பெரியவனுக்குப் பதினோரு வயது, கடைசிக் குழந்தை கையில். கரை இறங்கின இடத்திலிருந்து எக்கெங்கே கிராமத்துக்கு நான்கு மைல் காட்டுப்பாதை. கொட்டுகிற மழை. பிள்ளைகள் அழுகிறார்கள். கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்து பார்த்தால், சாமான் சுமக்க வேண்டியவர்கள் களைத்துப்போய்ப் படகிலேயே தங்கிவிட்டார்கள். உலர்ந்த துணி இல்லை, உணவும் இல்லை. என்ன செய்வார்? பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு, இருட்டில் அதே நான்கு மைல் திரும்ப நடந்துபோய், தூங்கினவர்களை எழுப்பி, சாமான்களோடு வந்து சேர்ந்தார். வரவேற்பு மாலை இல்லை, பேனர் இல்லை. அவருடைய ஊழியப் பயணம் ஆரம்பித்தது இப்படித்தான்.

மருந்துப் புட்டி

எக்கெங்கே தலைவர் பெயர் ஏதெம். அவருடைய சகோதரி மா ஈமே. எஃபிக் மொழியில் மா என்பது நம் ஊரில் அம்மா என்பதுபோல மரியாதைச் சொல். மேரியையும் ஜனங்கள் மா என்றே அழைத்தார்கள். இந்த மா ஈமே கடைசிவரை வெளியரங்கமாய்க் கிறிஸ்துவை அறிக்கை செய்யவில்லை. ஆனால் ஊரில் எங்காவது கொலையோ கலகமோ மூளப்போகிறது என்று தெரிந்தால், ஒரு ஆள் கையில் மருந்துப் புட்டியைக் கொடுத்து மேரியிடம் அனுப்புவார். பார்க்கிறவனுக்கு மருந்து வாங்குகிறதுபோல இருக்கும். மேரிக்கு மட்டும் அது அடையாளம். எழுந்து ஓடுவார். எத்தனை உயிர்கள் அந்தப் புட்டியால் பிழைத்தன! வெளியே இருந்து போகிறவருக்குத் தைரியம் இருக்கலாம். ஆனால் ஊரின் உள்விஷயம் ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

ஒருமுறை தலைவரின் மகன் எத்திம், கலியாணத்துக்காக வீடு கட்டும்போது மரத்தடி தலையில் விழுந்து நினைவிழந்தான். இரண்டு வாரம் மேரி பக்கத்தில் இருந்து பார்த்தும் பிழைக்கவில்லை. அங்கே சாவு என்றால் யாரோ சூனியம் வைத்தார்கள் என்று அர்த்தம். மந்திரவாதி ஒரு கிராமத்தைக் கைகாட்டினான். சுமார் ஒரு டஜன் பேரைச் சங்கிலியில் கட்டி இழுத்து வந்தார்கள். எசெரே என்ற விஷக் கொட்டையை அரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் குற்றமற்றவன், செத்தால் குற்றவாளி.

மேரி என்ன செய்தார் தெரியுமா? முதலில் எத்திமின் உடலுக்கு நல்ல உடை போட்டு, தலைப்பாகை கட்டி, குடையின் கீழே நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒரு கண்ணாடியும் வைத்தார். மகனுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஊரே மலைத்துப்போயிற்று. பிறகு கைதிகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். இரவும் பகலும் அசையவில்லை. அவருக்குத் துணையாக நின்றவர் சார்லஸ் ஓவன்ஸ் என்ற தச்சர். அவர் பிரசங்கியார் இல்லை. மேரியின் வீட்டுக்குக் கதவும் ஜன்னலும் போட வந்தவர். கொஞ்ச நாள் வேலைக்கு வந்த அந்த மனுஷனும் தன் தூக்கத்தைக் கொடுத்துக் கைதிகளைக் காவல் காத்தார்.

ஒரு பெண் விஷக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனபோது, மேரி ஓடு என்று காதில் சொல்லி, அவளை இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்து, வீட்டில் ஓவன்ஸிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். மா ஈமேயும் தன் சகோதரன் முன்னால் முழங்காலில் விழுந்து கெஞ்சினார். கைதிகள் ஒவ்வொருவராக அவிழ்த்துவிடப்பட்டார்கள். கடைசியில் எத்திமோடு புதைக்கப்பட்டது ஒரு மாடு மட்டுமே. தலைவர் வீட்டுச் சாவில் மனுஷ உயிர் போகாதது அந்தப் பகுதியில் அதுவே முதல்முறை. அல்லேலூயா!

கொடுத்த விலை

இத்தனை செய்தும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாய் இரட்சிக்கப்பட்டார்களா? இல்லை. இரட்டைப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்று பயந்து பலர் மேரியின் வீட்டுக்குள்ளேயே வரமாட்டார்கள். இயே என்ற அடிமைப் பெண்ணுக்கு இரட்டை பிறந்தபோது, அவள் நடந்தால் பொதுப் பாதை தீட்டாகிவிடும் என்றார்கள். காட்டில் தனிப் பாதை வெட்டி, அதன் வழியாக மேரி அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். ஆண் குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை சூசி வீட்டின் செல்லமாக வளர்ந்தது. அதுவும் ஒரு வயது தாண்டினபோது கொதிக்கிற தண்ணீர் பட்டு மரித்துவிட்டது. மேரி உடைந்துபோனார். விசுவாச வீரர்களுக்குக் கண்ணீர் வராது என்று யார் சொன்னது?

சார்லஸ் மாரிசன் என்ற மிஷன் ஆசிரியரோடு அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவர் ஒக்கோயோங்குக்கு வந்தால் திருமணம் என்பது மேரியின் நிபந்தனை. அவருடைய உடல்நிலையைக் காட்டி மிஷன் போர்டு அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர் ஊர் திரும்பினார். மேரி கிராமத்தோடு இருந்துவிட்டார். கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார்.

அவர் குறையில்லாதவர் என்று நான் எழுதவில்லை. கோபம் சட்டென்று வரும். 1892-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைத் துணைத் தூதராக்கி வழக்குத் தீர்க்கும் அதிகாரம் கொடுத்தது. அந்நிய ஆட்சியின் அதிகாரத்தை மிஷனெரி கையில் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனால் அவர் தீர்ப்பு சொன்ன விதத்தைப் பாருங்க. இரண்டு கிராமங்கள் மணிக்கணக்கில் வாதாடும். அவர் நடுவில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார். பேசிப் பேசி அவர்கள் ஆத்திரம் தணிந்த பிறகுதான் வாய் திறப்பார். 1896-ல் பெரியம்மை வந்தபோது தன் கையாலேயே நூற்றுக்கணக்கானவர்களுக்கு அம்மைப்பால் குத்தினார். தலைவர் ஏதெம் அந்த நோயில் மரித்தபோது கூட நிற்க ஆள் இல்லை. மேரியே பெட்டி செய்து, குழி வெட்டி, அவரை அடக்கம் பண்ணினார்.

ஒக்கோயோங்கில் முதல் திருவிருந்து ஆராதனை நடந்தது 1903-ம் வருஷம். அந்த மழை இரவுக்குப் பிறகு பதினைந்து வருஷம்! அப்போதும் பந்தியில் சேர்ந்தவர்கள் ஒரு சிறு கூட்டம்தான். அதோடு நிற்காமல், இன்னும் உள்ளே இருக்கிற இத்து பகுதிக்குப் புறப்பட்டார். நடக்க முடியாமல் போனபோது தள்ளுவண்டியில் உட்கார்ந்து கிராமம் கிராமமாய்ப் போனார். 1915 ஜனவரி 13-ம் தேதி உசே என்ற ஊரில், ஒரு மண் வீட்டில், தான் வளர்த்த பெண் பிள்ளைகள் சூழ்ந்திருக்க 66-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உடலை ஆற்று வழியாகக் கொண்டுபோய்க் கலபாரில் அடக்கம் செய்தார்கள். ஆலைத் தொழிலாளியாயிருந்த அவருடைய படத்தை 1997-ல் ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல் வங்கி பத்து பவுண்டு நோட்டில் அச்சிட்டது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

பிரியமானவர்களே, மேரி அம்மையார் 38 வருஷம் கொடுத்தார். நாம் கொடுக்கப் போவது பதினைந்து நாள். அதனால் போகவே கூடாதா? அப்படி இல்லை. நாம் மேரி ஸ்லெசர் இல்லை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து நாளில் நாம் தச்சர் ஓவன்ஸாக இருக்கலாம். அங்கேயே தங்கி ஊழியம் செய்கிற ஒருவர் இருப்பார். அவருக்கு என்ன வேலை பாக்கி என்று கேட்டு அந்தக் கதவைப் போட்டுக்கொடுங்கள். அவர் இரவில் விழித்திருந்தால் நீங்களும் கூட விழித்திருங்கள். அந்த ஊரின் மா ஈமே யார் என்று விசாரித்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். நாலு வார்த்தையாவது அவர்கள் பாஷையில் கற்றுக்கொள்ளுங்கள். அழுகிற பிள்ளையைப் பார்த்தால் முதலில் தூக்கி ஆற்றுங்கள், போட்டோ இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு சாட்சி சொல்லிவிட்டு மறந்துவிடாதீர்கள். அந்த ஊழியருக்காக மாதாமாதம் ஜெபியுங்கள், கடிதம் எழுதுங்கள், முடிந்ததை அனுப்புங்கள். பதினைந்து நாள் பயணம் பதினைந்து வருஷ ஜெபமாக மாறினால் அந்தக் கிராமத்துக்கு அது ஆசீர்வாதம்.

உங்களில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், போன இடத்திலேயே தங்கிவிட வேண்டும் என்ற பாரத்தோடு திரும்பி வந்தால், தயங்காமல் என்னிடம் வாருங்கள். முழங்காலில் நின்று சேர்ந்து ஜெபிப்போம். அதற்கு முன்னால், டண்டி நகரத்துச் சேரிபோல நம் பக்கத்துத் தெருவும் நமக்காகக் காத்திருக்கிறது. இந்த வாரமே அங்கே போய் ஆரம்பிப்போமா?

கர்த்தர் தாமே உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.