நாடு தந்து யானை பெற்றவர்

கி.மு. 323-இல் பாபிலோனில் அலெக்சாண்டர் மறைந்தபோது, அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை. அரியணைக்கு உரியவர்களாக இருந்தோர் மனவளர்ச்சி குன்றிய சகோதரரும், மனைவி ரொக்சானாவின் வயிற்றிலிருந்த சிசுவும்தான். ஆட்சிப் பொறுப்பு பெர்டிக்காஸிடம் சென்றது. எகிப்தை தாலமி பெற்றார். திரேஸை லிசிமாக்கஸ் பெற்றார். அந்தப் பங்கீட்டில் மாகாணம் எதுவும் கிடைக்காத தளபதி செலூக்கஸ். குதிரைப்படைத் தலைமை மட்டுமே அவருக்கு வாய்த்தது.

இரண்டு, மூன்று ஆண்டுகளில் நிலைமை மாறியது. எகிப்தின் மீது படையெடுத்துத் தோற்ற பெர்டிக்காஸை அவருடைய தளபதிகளே கொன்றனர். அந்தச் சதியில் செலூக்கஸுக்கும் பங்குண்டு. பரிசாகக் கிடைத்தது பாபிலோன். ஆனால், அனைத்தையும் தனதாக்க விரும்பிய ஆண்டிகோனஸ் அவரை விரட்டினார். செலூக்கஸ் எகிப்துக்கு ஓடி தாலமியிடம் அடைக்கலம் புகுந்தார். கி.மு. 312-இல் சுமார் ஆயிரம் வீரர்களுடன் திரும்பி பாபிலோனை மீட்டார். அந்த மீட்சியைத் தொடக்கமாகக் கொண்ட ஆண்டுக் கணக்கு மேற்கு ஆசியாவில் பல நூற்றாண்டுகள் வழக்கில் இருந்தது.

கிழக்கே சிந்து நதிவரை வந்தவர், சந்திரகுப்த மௌரியரை எதிர்கொண்டார். வெல்ல இயலாத இடத்தில் உடன்படிக்கை செய்யும் தெளிவு அவருக்கு இருந்தது. இன்றைய ஆப்கானிஸ்தானின் ஒரு பகுதி உள்ளிட்ட நிலங்களை விட்டுக்கொடுத்து, 500 யானைகளைப் பெற்றார். மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்ததும் இந்த நட்பின் பயனே. கி.மு. 301-இல் இப்சஸ் போர்க்களத்தில், எதிரியின் குதிரைப்படை திரும்பிவர முடியாதபடி அந்த யானைகள் வழிமறித்தன. எண்பது வயது ஆண்டிகோனஸ் களத்திலேயே மாண்டார்.

செலூக்கஸ் அந்தியோக்கியா உள்ளிட்ட நகரங்களை நிறுவினார். மத்திய ஆசியப் பெண்ணான அபாமாவுக்குப் பிறந்த மகனை உடன் அரசனாக்கினார். அத்துடன் நிறைவடைந்திருக்கலாம். எண்பதை நெருங்கும் வயதில் லிசிமாக்கஸையும் வீழ்த்தி, அரை நூற்றாண்டாகக் காணாத தாயகம் மாசிடோனியாவை நோக்கிப் புறப்பட்டார்.

கி.மு. 281-இல், வழியிலேயே அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவர் அவரிடம் அடைக்கலம் புகுந்திருந்த தாலமி கெரௌனஸ். ஒருகாலத்தில் செலூக்கஸுக்கு அடைக்கலம் தந்த அதே தாலமியின் மகன். அலெக்சாண்டரின் மகனோ, அரசாளும் வயதை எட்டுமுன்பே கொலையுண்டு மூன்று பதின்மங்கள் ஆகியிருந்தன. வாரிசுரிமையை வாளால் தீர்த்துக்கொண்ட தலைமுறையின் கடைசித் தளபதியும் வாளுக்கே இரையானார்.